ஒரு கேசட், மூன்று தலைமுறை, நாலு தீர்ப்பு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, பயப்படாதீர்கள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வந்த ஒரு பாட்டு ஆல்பம் நல்லதா, மட்டமா என்று என் மகனும் பேரனும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினார்கள். ரசம் ஆறிப்போனது. "சாப்பிட்டுட்டு அடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்து போய்விட்டாள். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்றார்கள். என்னைக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்'. மெகாடெத் என்ற குழு 1992 ஜூலையில் வெளியிட்டது. இந்த வகை இசைக்கு த்ராஷ் மெட்டல் என்று பெயர். நம் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கிதாரின் தடித்த தந்திகளை உள்ளங்கையின் ஓரத்தால் லேசாக அமுக்கிக்கொண்டு மளமளவென்று மீட்டுவார்கள். ஒலி நீண்டு ஒலிக்காமல், வெட்டி வெட்டி விழும். டிரம் வாசிப்பவர் இரண்டு காலாலும் பெரிய டிரம்மை உதைப்பார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளம்பியது. மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் என்று நாலு குழுக்களை இதன் நால்வராகச் சொல்வார்கள். மெட்டாலிகாவிலிருந்து 1983இல் வெளியே அனுப்பப்பட்ட டேவ் மஸ்டெய்ன் என்பவர் அதே வருஷம் தொடங்கிய குழுதான் மெகாடெத். இந்த அடிதடிக்கு நடுவிலும் மெட்டு தெளிவாகக் காதில் நின்றால் அதை மெலோடிக் த்ராஷ் என்கிறார்கள்.

பேரனுக்குப் பதினேழு வயது. அவன் கட்சி இது. இதே குழு 1990இல் 'ரஸ்ட் இன் பீஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டது. அதுதான் அசல். அதில் வேகம் இருக்கிறது, ஒரே பாட்டுக்குள் நாலு திருப்பம் இருக்கிறது, வாசிக்கப் பயப்பட வேண்டிய கிதார் இருக்கிறது. அடுத்த வருஷம் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்து, பாட்டைச் சுருக்கி, கறுப்பு அட்டையில் ஓர் ஆல்பம் போட்டுக் கோடிக்கணக்கில் விற்றது. அதைப் பார்த்து இவர்களும் 1992இல் அதே வழியில் இறங்கிவிட்டார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எடுத்த எடுப்பிலேயே இரண்டாம் இடம் கிடைத்தது. "விலை போயிட்டாங்க தாத்தா" என்பது அவன் தீர்ப்பு.

மகனுக்கு நாற்பத்தெட்டு. "வேகமா வாசிக்கிறது மட்டும் இசையா? 'ரஸ்ட் இன் பீஸ்' கேட்டா வாய் பிளந்து உட்காருவே. இது கேட்டா கூடவே பாடுவே. எது மனசுல நிக்கும்?" என்பது அவன் வாதம். சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன, ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, முப்பது வருஷம் கழித்தும் அலுக்கவில்லை என்கிறான். பேரன் விடவில்லை. "உங்களுக்கு அப்போ வயசு பதினாறு. அதனாலதான் பிடிக்குது" என்றான். அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. மகன் சிரித்துவிட்டான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

1993ஆம் வருஷம். மகன் ப்ளஸ் ஒன். ஓசூர் பையன்களுக்குப் பாட்டுக் கேசட் என்றால் பெங்களூர்தான். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போய் பிரிகேட் ரோட்டில் வாங்கி வருவார்கள். டியூஷன் பீஸில் மிச்சம் பிடித்து அவன் வாங்கி வந்தது இந்தக் கேசட்டைத்தான். அன்று எனக்கு நைட் ஷிப்ட் முடிந்த காலை. பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் தகடு வெட்டும் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அதே சத்தம். எழுந்து போனேன். "இது பாட்டா, பிரஸ் ஷாப்பா?" என்று கத்திவிட்டு, கேசட்டை வெளியே எடுத்து, நாடாவைச் சரசரவென்று உருவிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவன் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவன் சத்தமாகப் பாட்டுப் போட்டதே இல்லை. காதில் மாட்டிக்கொள்கிற வாக்மேன் ஒன்றை எப்படியோ சம்பாதித்துக்கொண்டான். சாப்பாடு, படிப்பு, பீஸ், கல்யாணம் எல்லாம் பேசினோம். பாட்டைப் பற்றி மட்டும் முப்பது வருஷம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2008 மார்ச்சில் மெகாடெத் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்தபோது, பேரன் பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. "ஆபீஸ் வேலை, லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போய்வந்திருக்கிறான். எனக்குத் தெரிந்ததே போன ஞாயிற்றுக்கிழமைதான்.

அதனால்தான் அன்று உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். பேரன் என் போனில் இரண்டு ஆல்பத்தையும் ஏற்றி, ஹெட்போனும் கொடுத்தான். 'கவுண்ட்டவுன்' ஆல்பத்தை மூன்று நாள் காலையில் முதல் பாட்டிலிருந்து பதினொன்றாம் பாட்டு வரை வரிசையாகக் கேட்டேன். முழுசும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான்.

முதல் நாள் எனக்குக் கேட்டது இரைச்சல் மட்டும். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டாம் நாள் தாளம் பிடிபட்டது. அதில் என்னால் ஏமாற முடியாது. இருபத்தாறு வருஷம் பிரஸ் அடியை எண்ணியவன். இரண்டாம் பாட்டு 'சிம்பனி ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்'. கச்சேரிக்கு முன் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கிற மாதிரி ஒலி வந்து, பிறகு நிதானமாக, கனமாக ஓர் அடி தொடங்குகிறது. பெரிய பிரஸ் ஒன்று சீராக இறங்கி ஏறுகிற மாதிரி. மூன்றாம் நாள்தான் மெட்டு பிடிபட்டது. நாலாவது பாட்டு மெதுவான கிதாரில் தொடங்கி நடுவில் வெடிக்கிறது. அந்த இடத்தில் நான் போனை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் காது முழுக் காது இல்லை. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினோம். இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ஆகவே தட்டுத் தாளங்களின் 'ஸ்ஸ்' எனக்கு வரவில்லை. கிதார் உச்சியில் கூவுகிற இடங்கள் தூரத்தில் கேட்டன. டிரம்மும் தடித்த தந்தியும் குரலும் நன்றாக வந்தன. பேரன் கேட்கிற ஆல்பமும் நான் கேட்கிற ஆல்பமும் ஒன்றே இல்லை! ஆனால் இருவருமே 'இந்த ஆல்பம் இப்படித்தான்' என்று அடித்துப் பேசுகிறோம்.

'பிரஸ் ஷாப் சத்தம்' என்று நான் அன்று திட்டினேனே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த மெட்டல் இசைக்கெல்லாம் மூலவர் பிளாக் சப்பாத் என்ற ஆங்கிலேயக் குழு. அதன் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கப் போகிற கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கக்காரர். தந்தியை அமுக்குகிற கையே வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி போட்டார். பின்னால் சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். அந்தக் கனத்த ஒலிதான் 1970லிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஷாப்பில் விரல் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பவர். அப்புறம் தொட்டதே இல்லை. ஆக, நான் திட்டியது தப்பில்லை. அது பிரஸ் ஷாப்பில் பிறந்த இசைதான். அது திட்டாகாது என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, வழக்குக்கு வருவோம். பேரனின் முதல் குற்றச்சாட்டு, வேகம் குறைந்தது. இதை நான் ஏற்கவில்லை. பாட்டுக் கற்றவர்களைக் கேளுங்கள். விளம்ப காலத்தில் பாடுவதுதான் கடினம் என்பார்கள். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெளி இருக்கிறது. அங்கே சுருதி கொஞ்சம் பிசகினாலும் ஊருக்கே தெரியும். துரிதத்தில் பல தப்புகள் ஓடி ஒளிந்துகொள்ளும். ஷாப்பிலும் அப்படித்தான். நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று பெருமை பேசுகிறவன் நல்ல வேலைக்காரன் இல்லை. டையைச் சரியாக உட்கார வைத்தவன்தான் வேலைக்காரன். 'சிம்பனி' பாட்டில் அந்த நிதானமான அடி ஓர் இழை பிசகவில்லை.

இரண்டாம் குற்றச்சாட்டு, விலை போனார்கள் என்பது. இதில் பேரன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. முந்தைய ஆல்பத்தையும் ஒரு தடவை கேட்டேன். 'ஹோலி வார்ஸ்' என்ற முதல் பாட்டு ஆறு நிமிஷத்துக்கு மேல். நடுவில் கிதாரில் கிழக்கத்திய சாயலில் ஒரு சின்ன வாசிப்பு வந்து, திசையே மாறிவிடுகிறது. 'கவுண்ட்டவுன்' ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் நாலு நிமிஷத்தை ஒட்டி முடிகின்றன. அந்தச் சாகசம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் நிறைய விற்றது என்பதே குற்றமாகுமா?

இங்கேதான் எனக்கு நம்ம ஊர்க் கதை ஒன்று நினைவு வருகிறது. இந்த ஆல்பம் வந்து ஒரு மாதத்தில், 1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வந்தது. எங்கள் கேன்டீனில் அன்று நடந்த சண்டை உங்களில் பலர் வீட்டிலும் நடந்திருக்கும். "கம்ப்யூட்டர் சத்தம்", "ராஜா கிட்ட நிக்க முடியுமா", "ஆறு மாசம் தாங்காது" என்றெல்லாம் பேசினோம். நானும் பேசினேன், படத்தைப் பார்க்காமலே. அதே வருஷம் தீபாவளிக்கு இளையராஜாவின் இசையில் 'தேவர் மகன்' வந்தது. தேசிய விருதுக் குழுவில் இரண்டும் சம வாக்குப் பெற்று, தலைவராக இருந்த பாலு மகேந்திரா ரஹ்மானுக்குத் தம் வாக்கைப் போட்டதால் முடிவானது என்று பிற்பாடு அவரே சொன்னார். கேட்டுப் பழகிய பெரியவர்களே சரிபாதியாகப் பிரிந்து நின்ற வருஷம் அது. நாங்கள் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

நாலாவது தீர்ப்பு எங்கள் எதிர்வீட்டு நண்பருடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வயது எண்பதைத் தொடுகிறது. அவர் குடும்பத்து நிலம் அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போனது. பணம் வந்தது, தங்கைகள் கல்யாணம் நடந்தது, பணம் தீர்ந்தது. இன்று பத்து சென்ட் வீட்டைச் சுற்றி நாலு ரோஜாச்செடி வைத்துக்கொண்டு அதையே தோட்டம் என்பார். காலையில் நடைபோகும்போது அவரிடம் அந்த நாலாவது பாட்டின் கதையைச் சொன்னேன். பெயர் 'ஃபோர்க்ளோஷர் ஆஃப் எ ட்ரீம்'. கனவு ஏலத்துக்குப் போன கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொற்களை மஸ்டெய்னோடு சேர்ந்து எழுதிய டேவிட் எல்லெஃப்சன், மின்னசோட்டா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1980களில் அங்கே கடன் கட்ட முடியாமல் விவசாயிகளின் நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. அதைப் பற்றிய பாட்டு.

நண்பர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, மதில் மேல் கையை வைத்தபடி முழுதும் கேட்டார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. மெதுவான பகுதி முடிந்து அடி விழுந்தபோது முகத்தைச் சுளித்தார். ஆனால் கழற்றவில்லை. முடிந்ததும் கொடுத்துவிட்டு, "அமெரிக்காவுலயும் அப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "கோபமா பாடுறான். சரிதான். வேற எப்படிப் பாடுவான்?" என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் அதுதான் மிகச் சிறியது, எனக்கு மிகவும் பிடித்தது. அவர் ஆல்பத்துக்கு மதிப்பெண் போடவில்லை. முந்தையதோடு ஒப்பிடவில்லை. அந்த ஒரு பாட்டு தன்னை எங்கே தொட்டது என்று மட்டும் சொன்னார்.

என் கருத்து இதுதான். ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லப்படுகிற அபிப்பிராயத்தில் பாதி பாட்டைப் பற்றியது, பாதி சொல்கிறவரைப் பற்றியது. பேரன் இப்போது கிதார் கற்கிறான். அதனால் வாசிக்கக் கஷ்டமானது அவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மகனுக்கு அது தன் பதினாறு வயது. எதிர்வீட்டுக்காரருக்கு நிலம். எனக்கு பிரஸ் அடி. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 'நான் இந்த இடத்தில் நின்று கேட்கிறேன்' என்பதை மறைத்துவிட்டு, 'இது இப்படித்தான்' என்று ஊருக்கே சட்டம் போடும்போதுதான் சண்டை வருகிறது.

இன்னொன்று, நின்று கேட்டவர்களுக்குத்தான் அந்த உரிமையும் உண்டு. பேரன் குறை சொல்கிறான், ஆனால் அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் அவனுக்கு அத்துப்படி. அவனோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அவன் பேசத் தகுதி உள்ளவன் என்பதில் சந்தேகமில்லை. 1993இல் நான் சொன்னது கருத்தே இல்லை. அரைப் பாட்டுக்கூடக் கேட்காமல் ஒரு கேசட்டைக் குப்பையில் போட்டவனின் அலுப்பு அது. அலுப்பு நியாயமானது, நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'தூக்கம் வருதுடா, சத்தத்தைக் குறை' என்று சொல்லியிருந்தால் போதும். அதை 'இது பாட்டே இல்லை' என்று மாற்றிச் சொன்னதுதான் என் தப்பு.

நம் வயதில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கிறது. காது போயிற்று, முழங்கால் போயிற்று, தூக்கம் போயிற்று. அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து 'இந்தக் காலத்துப் பாட்டு' என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். பேரப்பிள்ளைகள் கேட்பதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று தடவை கேட்டும் இந்த ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டுகள் எனக்கு ஒட்டவே இல்லை. அதைத் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் கேட்டிருக்கிறேன்.

என் தீர்ப்பை நேற்று ராத்திரி சொன்னேன். 'ரஸ்ட் இன் பீஸ்' பெரிய வேலை, 'கவுண்ட்டவுன்' முடிந்த வேலை. டூல் ரூம் பாஷையில் சொன்னால், முதலாவது வித்தை காட்டும் டை, இரண்டாவது லட்சம் அடி தாங்கும் டை. பேரன், "அப்போ அப்பா பக்கம்தானே சாயறீங்க" என்று முணுமுணுத்தான். சாய்ந்துதான் இருப்பேன். அதற்குக் காரணம் இசை மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவன் அப்பாவுக்கும் தெரியும். அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். நான் 'ரஸ்ட் இன் பீஸ்' இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். அவன் 'தேவர் மகன்' பாட்டு முழுதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். பிறகு மறு விசாரணை.

மகனிடம் தனியாக, "அந்த கேசட்... அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுப்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் என் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை வாங்கி எதையோ அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வால்யூமை இவ்வளவு வைக்காதீங்கப்பா. இருக்கிற காதும் போயிடும்" என்றான்.